கடையின் பெயர் கடைக்காரர் கையில்: சிறுதொழில் இணையத்தளங்கள் பற்றிய எங்கள் நிலைப்பாடு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சிறு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்துகொடுப்பவர்கள் நாங்கள். 'குறைந்த விலையில் இணையத்தளம்' என்ற விளம்பரம் பேஸ்புக்கில் ஓயாமல் ஓடுகிறது. எது குறைந்த விலை என்பதில் எங்கள் கருத்தைப் பகிரங்கமாகச் சொல்லவே இந்த அறிக்கை. தளத்தின் முகவரியான டொமைன் பெயரும், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் கடைக்காரரின் பெயரில் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாகச் செய்த தளமும் அவருக்கு நட்டம்தான்.

எங்களிடம் வருகிற பலருடைய முறைப்பாடும் ஒன்றுதான். தளம் செய்தவர் டொமைனைத் தன் மின்னஞ்சலிலேயே பதிந்திருப்பார். பிறகு வெளிநாடு போயிருப்பார், அல்லது போன் எடுக்கமாட்டார். வருடப் புதுப்பிப்புக் கட்டப்படாமல் பெயர் காலாவதியாகும். பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரியை அப்போது வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம். புதுப்பிப்பை டொலரில் கட்ட வேண்டியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் கட்டுகிற டொமைன், ஹோஸ்டிங் செலவுகளும் அதே வேகத்தில் ஏறின. அதனால்தான் ரூபாயில் கட்டக்கூடிய டொட் எல்கே பெயரை முதலில் பரிந்துரைக்கிறோம். டொட் இலங்கை என்ற தமிழ் முடிவும் 2010 முதல் நமக்கு உண்டு. விரும்புகிறவர்கள் அதையும் சேர்த்து எடுத்துவைக்கலாம்.

பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும் போதாதா என்று கேட்கிறார்கள். சிலருக்குப் போதும். ஆரையம்பதியில் வீட்டிலிருந்து கேக் செய்து அயலில் விற்கும் பெண்ணிடம் தளம் வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஆனால் வெளியூர் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் தொழில்கள் வேறு. 2018 மார்ச்சிலும், எங்கள் நகரின் சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்ட 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த நாட்களில் வட்ஸ்அப்பில் மட்டும் ஓடர் எடுத்தவர்களுக்கு வழி அடைபட்டது. பாசிக்குடாவில் நான்கு அறை வைத்திருப்பவர் வெளிநாட்டு முன்பதிவுத் தளங்களுக்கு ஒவ்வொரு அறை வாடகையிலும் கொமிஷன் கொடுக்கிறார். அறைப் படம், வாடகை, வரும் வழி, தொலைபேசி எண் கொண்ட சொந்தப் பக்கம் ஒன்று இருந்தால், ஒருமுறை வந்தவர் அடுத்த முறை நேரே அழைப்பார்.

அந்த ஒரு பக்கமே பலருக்குப் போதுமானது. பத்துப் பக்கம், அசையும் படங்கள், யாரும் எழுதாத செய்திப் பகுதி என்று விலையை ஏற்றுவதை நாங்கள் ஏற்கவில்லை. போனில் எடுத்த படம் ஒன்று மூன்று, நான்கு எம்பி வரும். சுருக்காமல் இருபது படங்களை ஏற்றினால் பக்கம் அறுபது எம்பியைத் தாண்டும். படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், சிக்னல் குறைந்த இடத்தில் ரீலோட் டேட்டாவில் பார்க்கிறவர் அது திறக்கும்வரை காத்திருக்கமாட்டார். ஒரு படத்தை 150 கேபிக்குள் சுருக்குவது நிமிட வேலை. அதைச் செய்யாமல் பணம் வாங்கக்கூடாது.

தமிழையும் இதே கண்டிப்போடு பார்க்கிறோம். அச்சகத்தில் பாமினியில் அடித்த விலைப்பட்டியலை அப்படியே தளத்தில் ஒட்டுகிறார்கள்; அந்த எழுத்துரு இல்லாத போனில் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிகிறது. 'மருதமுனை கைத்தறிச் சாரம்' என்று தமிழில் தேடுகிறவருக்கு அந்தக் கடை அகப்படாது. எல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும். படத்துக்குள் எழுதிய விலையை எழுத்தாகவும் தர வேண்டும்.

வாடிக்கையாளரின் பெயர், எண் வாங்கும் படிவங்களில் தேவைக்கு மேல் எதையும் கேட்கமாட்டோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சிறுகடைகளும் அறிந்திருக்க வேண்டும். சிறுதொழில் உதவித் திட்டங்களில் இணையத்தளத்துக்குப் பணம் ஒதுக்கும் பிரதேச செயலகங்களும் தொண்டு நிறுவனங்களும் தளத்தின் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சரிபார்த்த பிறகே இறுதிக் கொடுப்பனவை விடுவிக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

எங்கள் பில்லில் டொமைன், ஹோஸ்டிங், வேலைக்கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கும். தளம் ஒப்படைக்கும் நாளிலேயே கடவுச்சொற்களை உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்து, அவர் கையாலேயே ஒருமுறை உள்ளே போகவைப்போம். பிறகு அவர் வேறொருவரிடம் போக விரும்பினால் கோப்புகளையும் படங்களையும் முழுமையாகக் கொடுத்துவிடுவோம். அதற்குக் கட்டணம் இல்லை.