மூன்றாம் நாள் பாட்டி ஏன் வரவில்லை?

ஈஸ்டருக்குச் சில வாரங்களுக்கு முன் மகளோடு பேரங்காடிக்குப் போயிருந்தேன். நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு ஒரு முயல் பொம்மை. அதன் காலடியில் வண்ணத்தாள் சுற்றிய சாக்லெட் முட்டைகள். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகள் ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஈஸ்டர்னா முயலோட பொறந்தநாளாப்பா?” என்று கேட்டாள்.

அப்போது சிரித்துவிட்டேன். எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு அழைத்துப் போகிறோம். மறைக்கல்வி வகுப்பிலும் சேர்த்திருக்கிறோம். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் இருந்துவிட்டேன். சென்ற ஆண்டு புனித வெள்ளிக்கு மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறதே என்று குடும்பத்தோடு ஜோகூருக்குக் கிளம்பியதும் நான்தான்.

அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் கதையைத் தொடங்கினேன். கழுதை மேல் ஏறி எருசலேமுக்கு வந்தது, மக்கள் கிளைகளைப் பிடித்து வரவேற்றது, கடைசி இரவு உணவின்போது சீடர்களின் கால்களைக் கழுவியது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். சிலுவை வந்ததும் எனக்கே தெரியாமல் வேகம் கூடிவிட்டது. “இறந்தார், கல்லறையில வச்சாங்க, மூணாம் நாள் உயிரோட எழுந்தார்” என்று ஒரே மூச்சில் முடித்தேன்.

மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்போ பாட்டி ஏன் மூணாம் நாள் வரல?”

என் அம்மா கடந்த நவம்பரில் காலமானார். சுவா சூ காங்கில் அடக்கம் செய்தோம். பள்ளி முடிந்து வரும் பேத்திக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, தமிழ்ப் பாடம் படிக்க வைத்தவர் அவர்தான்.

“பாட்டி சொர்க்கத்துல இருக்காங்கம்மா” என்றேன். “அது தெரியும்ப்பா. ஏன் வரல?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. தூங்கு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளை என்றது இரண்டு வாரமானது.

அந்த இரண்டு வாரத்தில் ஒன்று புரிந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து நேராக ஞாயிற்றுக்கிழமைக்குத் தாண்டியிருந்தேன். பிள்ளை பயந்துவிடுமே என்று சாவைச் சுருக்கமாகச் சொன்னேன். நவம்பரில் அவள் சாவை அருகில் நின்று பார்த்தவள். நான் அவசரமாகக் கடந்து போன இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

திருச்சபை இந்த நாள்களை அவசரப்படுத்துவதில்லை. பெரிய வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு வரை ஒவ்வொரு நாளுக்கும் தனி வழிபாடு, தனி மனநிலை. இந்த முறை அந்த வரிசையிலேயே போவோம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். ஜோகூர் பயணம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை மகள் அடுத்த கேள்வியோடு எழுந்தாள். “இயேசு செத்த நாளை ஏன் ‘குட்’ பிரைடேன்னு சொல்றாங்க?” அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் புனிதம் என்ற பொருளும் இருந்தது என்றேன். தமிழில் நாம் புனித வெள்ளி, பெரிய வெள்ளி என்கிறோம். சீன மொழியில் ‘இயேசு பாடுபட்ட நாள்’ என்றே சொல்கிறார்கள். “சீனப் பேருதான் சரி” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மதியம் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் பெரிய வெள்ளிக்கு அதுதான். சிறுவனாக இருந்தபோது அம்மா என்னை ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்கு அழைத்துப் போவார். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி 1888ல் திறக்கப்பட்ட ஆலயம் அது. சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் கால் வலிக்க வலிக்க முழந்தாளிட்டதை மகளிடம் சொன்னேன். இந்த முறை அவளும் 14 நிலைகளையும் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினான்காவது நிலை, இயேசுவைக் கல்லறையில் அடக்கம் செய்வது. “பாட்டிக்கும் இப்படித்தானே செஞ்சோம்” என்றாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை காலை சுவா சூ காங் போனோம். மகள் பூக்களை வைத்தாள். அங்கே நின்றபடி, நான் விட்டுப் போன பகுதியைச் சொன்னேன். இயேசு இறந்த மறுநாள் ஓய்வுநாள். யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சீடர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். பெண்கள் நறுமணப் பொருள்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தார்கள். ஞாயிறு என்ன நடக்கப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உடலுக்குப் பூசத்தான் போனார்கள். மகதலா மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுதார். நண்பர் லாசர் இறந்தபோது இயேசுவே அழுதிருக்கிறார்.

“இயேசுவே அழுதாரா?” என்று கேட்டாள். அழுதார் என்றேன். அதற்குப் பிறகுதான் அவளும் அழுதாள். நவம்பரில் அவள் அழவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது.

இரவு ஈஸ்டர் திருவிழிப்பு. விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வெளியே மூட்டிய புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி உள்ளே கொண்டு வந்தார்கள். அந்தப் பெரிய மெழுகுதிரியில் சிலுவையும், கிரேக்க எழுத்துகளில் முதலும் கடைசியும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் இருக்கும். மகள் உற்றுப் பார்த்துவிட்டு என் காதில், “இது பாட்டி பெட்டிகிட்ட நின்ன கேண்டில். நம்பர் மட்டும் மாறியிருக்கு” என்றாள்.

அவள் சொன்னது சரி. அடக்கத் திருப்பலியில் பாஸ்கா திரியைச் சவப்பெட்டி அருகே ஏற்றி வைப்பார்கள். ஞானஸ்நானத்தின்போதும் அந்தத் திரியிலிருந்துதான் குழந்தைக்கு மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஆண்டுதோறும் திரி புதிது, பொருள் ஒன்றுதான். இதையெல்லாம் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சேர்த்துப் பார்த்தது எட்டு வயதுப் பிள்ளை.

வீடு திரும்பும்போது தள்ளிப்போட்ட பதிலைச் சொன்னேன். இயேசு முதலில் எழுந்தார். ஒருநாள் பாட்டியும் எழுவார், நாமும் எழுவோம் என்று நம்புகிறோம். பாட்டி இப்போது கடவுளிடம் இருக்கிறார். அந்த நாள் எப்போது என்று அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ பாட்டிக்கு இன்னும் சனிக்கிழமை” என்றாள்.

மறுநாள் சாக்லெட் முட்டையும் வாங்கிக் கொடுத்தேன். முயல் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒரு காலத்தில் 40 நாள் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. நோன்பு முடிந்ததும் சேர்ந்து கிடந்த முட்டைகளைப் பண்டிகைக்குச் சமைத்தார்கள். ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருவது திறந்த கல்லறையை நினைவூட்டியது. கிழக்குத் திருச்சபையினர் இன்றும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசுகிறார்கள். கதை தெரிந்தால் முட்டையும் பாடம்தான். கதை இல்லாவிட்டால் மிஞ்சுவது இனிப்பு மட்டும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுப் பண்டிகை வேறாக இருக்கலாம். எந்தப் பண்டிகையிலும் புத்தாடையையும் பலகாரத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். கதையில் இருக்கும் இழப்பையும் காத்திருப்பையும் மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம், அவர்கள் தாங்க மாட்டார்கள் என்று. தாங்க முடியாதது பெரும்பாலும் நமக்குத்தான்.

அடுத்த முறை பிள்ளை இப்படி ஒரு கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். என்னைப் போல் இரண்டு வாரம் காத்திருக்க வைக்காதீர்கள்.