தொட்டிக் கரையில் ஒரு பலகை மேடை

சென்ற மாதம் அனுமந்தன்பட்டிக்குப் போயிருந்தேன். உத்தமபாளையத்துக்கு அருகிலுள்ள இந்த ஊரைக் கம்பம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள், திராட்சைப் பந்தல்களைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்வார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. ஆனால் நான் போனது திராட்சை தின்பதற்காக அல்ல. என் அக்காவைப் பார்ப்பதற்காக!

அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு நீர்த்தொட்டி உண்டு. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், நாலடி ஆழம். கிணற்று மோட்டார் அதில் நீரைக் கொட்டும். நிறைந்ததும் திறந்து விட்டால் தென்னைக்கும் வாழைக்கும் பாயும். இடைப்பட்ட நேரத்தில் பேரப்பிள்ளைகள் அதில் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். அக்காவின் மகன் உள்ளே நீல ஓடு பதித்து, அதற்கு 'நீச்சல் குளம்' என்று பெயரும் வைத்துவிட்டான். இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர் மாறிவிடும்.

குளத்தில் குற்றமில்லை, கரையில்தான் குற்றம். சுற்றிலும் சிமிண்டுத் தளம். எந்நேரமும் ஈரம், ஈரத்தின் மேல் பாசி. போன வருஷம் துணி எடுக்கப் போன அக்கா அதில் கால் வைத்தாள், விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்தது. வைத்தியம் நடந்து எலும்பு கூடிவிட்டது. ஆனால் கொல்லைக் கதவைத் தாண்டும் தைரியம் மட்டும் கூடவில்லை. பதினோரு மாதமாக அடுக்களை ஜன்னல் வழியாகத்தான் தென்னையையும் பேரன்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பளபளவென்று கிரானைட் போட்டுவிடலாமா, மாமா?" என்று கேட்டான் மருமகன்.

"ஏண்டா மாப்பிள்ளே, இன்னொரு இடுப்பையும் முறிக்கவா?" என்றேன்.

மழமழப்பான கல் ஈரம் பட்டால் வழுக்கும். வெயில் பட்டால் சுடும். மரப்பலகையை இடைவெளி விட்டு அடித்தால் நீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். கல்லைப் போலப் பாதத்தைச் சுடவும் சுடாது. ஆகவே எட்டடிக்கு ஆறடியில் ஒரு பலகை மேடை போடுவது என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டில் நீச்சல் குளம் இல்லாவிட்டாலும் கிணற்றடியோ, துணி துவைக்கும் இடமோ இருக்குமே. இந்த விவரங்கள் அங்கேயும் பயன்படும்.

முதல் கேள்வி: எந்த மரம்? தண்ணீருக்கு அருகில் தேக்குக்கு நிகராகச் சொல்ல அதிக மரங்கள் இல்லை. அதன் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் ஈரமும் கறையானும் எளிதில் அணுகுவதில்லை. ஆனால் வைரத்தைச் சுற்றி வெளிறிய நிறத்தில் இருக்கும் வெள்ளைக்கட்டைக்கு இந்தச் சக்தி கிடையாது. தேக்கு என்ற பெயரை நம்பி வெள்ளைக்கட்டைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்!

புதுத் தேக்கின் விலையைக் கேட்டதும் மருமகன் முகம் சுண்டிவிட்டது. அப்போதுதான் ஆசாரி, இடித்துப் போட்டிருந்த பழைய கூடத்து மரங்களைப் பார்த்தார். ஆறங்குலச் சதுரத்தில், பன்னிரண்டடி நீளத்தில் இரண்டு தேக்கு உத்திரங்கள், கூடவே கைமரங்கள். பல ஆண்டுகள் கூரையின் கீழ் காய்ந்த மரம் இனிமேல் முறுக்கிக் கொள்ளாது. காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டு மரங்களுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது சும்மாவா?

ஆனால் அக்கா ஒப்பவில்லை. "ஏ தம்பி, அந்த உத்திரத்திலேதானே மூணு பிள்ளைக்கும் தொட்டில் கட்டினேன்? அதைப் போய் வாள் வச்சு அறுக்கச் சொல்றியா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. மருமகனும் தலையைக் குனிந்து கொண்டான். அந்த மரத்தைப் பழைய மர வியாபாரிக்கு விற்க அவன் பேசி வைத்திருந்த விஷயம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை காபி கொடுக்கும்போது அக்காவே சொன்னாள்: "வெயில்லேயும் மழையிலேயும் கிடந்து மக்கிப் போறதுக்கு, பிள்ளைக காலடியிலேயாவது கிடக்கட்டும். அறுக்கச் சொல்லு."

வேலை ஆரம்பமாயிற்று. முதலில் பழைய ஆணிகளைப் பிடுங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அறுவை வாள் பல் உடையும். ஒவ்வொரு உத்திரத்தையும் இரண்டாகத் துண்டித்து, ஒரு துண்டில் ஐந்து பலகை வீதம் அறுத்தார்கள். மொத்தம் இருபது, ஐந்தங்குல அகலம், ஓரங்குலக் கனம், ஆறடி நீளம். மேடைக்கு வேண்டியது பதினெட்டு. "சபரிமலைப் படிக் கணக்கு வந்துடுச்சு, இனி வழுக்காது, சாமி!" என்றார் ஆசாரி. மீதி இரண்டும் பிற்காலத்தில் மாற்றிப் போட.

பலகை உளுத்துப் போவது எதனால் தெரியுமா? தண்ணீரால் மட்டும் அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கிணற்றின் அடியில் நெல்லிப் பலகை போடுவார்கள்; அது நெடுங்காலம் நீருக்குள்ளேயே கிடந்தும் கெடுவதில்லை. மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீருக்கடியில் காற்று இல்லை. காய்ந்த மரத்தில் ஈரம் இல்லை. நனைந்தும் நனையாமலும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் மரம்தான் முதலில் போகும். ஆகவே நினைவில் வையுங்கள்: மரம் மண்ணைத் தொடக்கூடாது.

இதற்கு அனுமந்தன்பட்டியில் கல் தேட வேண்டியதில்லை. திராட்சைப் பந்தலுக்கு நடும் கல்தூண்களில் உடைந்த துண்டுகள் தோட்டத்து மூலையில் கிடந்தன. பதினைந்து துண்டுகளை வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசையில், தரைக்கு மேல் நாலங்குலம் தெரியும்படி ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தோம். தரையைத் தொட்டிக்கு எதிர்ப்புறம் சரிவாக்கி ஜல்லி பரப்பினோம்; வழியும் நீர் வாழைக்குப் போய்விடும். கைமரங்களை நாலங்குல உயரம், இரண்டங்குலக் கனமுள்ள சட்டங்களாக இழைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கற்களின் மேல் கிடத்தினோம். கல் நாலு, சட்டம் நாலு, பலகை ஒன்று. ஆக ஒன்பது அங்குலம். தொட்டியின் விளிம்பும் தரையிலிருந்து ஒரு சாண்தான். மேடையும் விளிம்பும் ஒரே மட்டமாக வந்ததால் கால் தடுக்க இடமில்லை.

பலகைகளைக் குறுக்கே போட்டு, நடுவில் கால் அங்குலம் இடைவெளி விட்டோம். மரம் ஈரத்தில் அகலவாட்டில் ஊதும். நெருக்கி அடித்தால் மழைக்காலத்தில் முட்டிக்கொண்டு எழும்பிவிடும். இடைவெளி அதிகமானாலோ ஊன்றுகோல் நுனி மாட்டிக்கொள்ளும். இரும்பாணி வேண்டாம், துருப்பிடித்துப் பலகையில் கறுப்புக் கறை படியும். எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்க்ரூ போதும். முதலில் துளை போட்டுவிட்டு, தலை சற்று உள்ளே இறங்கும்படி முடுக்குங்கள்.

மருமகனின் மனைவி ஒரு சந்தேகம் கேட்டாள்: "அடியிலே பாம்பு வந்து படுத்துக்குமே?" நியாயமான கேள்வி! பக்கங்களில் நெருக்கமான கம்பி வலை அடித்தோம். ஓரத்துப் பலகை ஒன்றைக் கழற்றி மாட்டும்படி வைத்தோம். மாதம் ஒருமுறை திறந்து குப்பையை எடுத்துவிடலாம்.

வார்னிஷ் பூசாதீர்கள். அது வழுக்கும், பிறகு செதிலாக உரியும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு தடவை தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிட்டால் போதும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிப்பதுண்டு! விரித்து வெளியில் காயப்போடுங்கள். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவி, வருஷத்துக்கு ஒருமுறை ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய் தடவினால் பாசி பிடிக்காது.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. மேடை வந்தால் பெரியவர்களுக்கு மட்டுமல்ல, தவழும் குழந்தைக்கும் தொட்டி எட்டிவிடும். குழந்தை நீரில் மூழ்கும்போது கூச்சலிடாது; சத்தமே கேட்காது. ஆகவே மேடைக்கு முன்பே நாலடி உயர வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் போட்டோம். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். கதவு இருக்கிறதே என்று பெரியவர்கள் கண்ணை எடுக்கவும் கூடாது. மோட்டார் சுவிட்சையும் தொட்டியை விட்டுத் தள்ளி வைத்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் கருவியையும் பொருத்தினோம்.

வேலை முடிந்த மாலை, பிள்ளைகள் நீரில் குதித்துக் கரையெல்லாம் நனைத்துவிட்டார்கள். ஈர மேடையில் நான் நடந்து காட்டினேன். மருமகன் நடந்து காட்டினான். அக்கா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். "நீங்க நடப்பீங்க, உங்க இடுப்பு முழுசா இருக்கு" என்றாள்.

சின்னப் பேரன் நீரிலிருந்து ஏறி வந்தான். "அப்பத்தா, கையைப் பிடிச்சுக்க" என்று ஈரக் கையை நீட்டினான்.

ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் பேரன். ஒவ்வொரு பலகையாகக் காலை வைத்துப் பார்த்து, பதினெட்டையும் கடந்து வந்து மேடையின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் கையை ஊன்றியவள், திடீரென்று குனிந்து பலகையைப் பார்த்தாள். எல்லாப் பலகையையும் வழவழவென்று இழைத்த ஆசாரி, கடைசிப் பலகையை மட்டும் அரைகுறையாக இழைத்திருந்தார். அதில் ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்த பள்ளம் தெரிந்தது. தொட்டில் கயிறு ஆடி ஆடி அறுத்த தடம்!

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதை விரலால் தடவிக்கொண்டே, "டேய், ஆழத்துக்குப் போகாதே!" என்று பேரனை அதட்டினாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அல்ல, கரையிலிருந்தே!

உங்கள் வீட்டிலும் பாசி பிடித்த இடம் ஒன்று இருக்கும். யாராவது விழுவதற்கு முன்பு, இந்த ஞாயிற்றுக்கிழமையே அதைப் போய்ப் பாருங்கள்.