நரம்பை வெட்டியாச்சு, இனி என்ன முனகல்?

மூக்கு நரம்பில் ஒப்பரேஷன் செய்துகொண்ட பிறகும் மூக்கு ஒழுகுகிறது, கண் எரிகிறது, அண்ணம் மரத்துக் கிடக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு நண்பர் ஒருவர் எழுத்திலேயே தீர்ப்பு வழங்கியிருக்கிறார். நரம்பை வெட்டிய பின் அந்த நரம்பால் வந்த பீனிசம் இருக்க வழியே இல்லையாம். ஆகவே மூன்று மாதம் கழித்தும் முனகுகிறவர் ஒன்று மனப்பிரமை பிடித்தவர், அல்லது மலைக்குப் போகச் சோம்பி மெடிக்கல் துண்டு தேடுகிறவர். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்து ஆட்களை மனதில் வைத்து எழுதியது இது. எழுதியவரும் இதே மலையில் பிறந்தவர்தான். அந்தக் கணக்கை அவரே தீர்த்துக்கொள்ளட்டும்; நான் வாதத்துக்கு வருகிறேன்.

மூக்குக்கு ஒரே நரம்புதான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நீரைச் சுரக்கச் சொல்லும் கட்டளை வருவது ஒரு வழி. எரிச்சலையும் கூச்சத்தையும் மூளைக்குக் கொண்டுபோய்த் தும்ம வைப்பது பெரும்பாலும் முக்கிளை நரம்பின் வழி. ஒப்பரேஷன் குறிவைப்பது முதலாவதை. அதையும் முழுதாகப் பிடிப்பது எளிதல்ல. பின்மூக்கு நரம்பு பக்கச் சுவருக்குள் வரும்போதே பல கிளைகளாகப் பிரிந்து விடுகிறது, அந்தக் கிளைகள் எலும்பில் வெளிவரும் இடமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒன்றிரண்டு தப்பினால் ஒழுக்கு குறையும், நிற்காது. தப்பாவிட்டாலும், வெட்டிய நரம்பு காலப்போக்கில் மறுபடி வளரக்கூடும். கவ்வாத்து வெட்டிய தேயிலை தளிர்க்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவருக்குத் தெரியாத சங்கதியா?

வரலாறாவது படித்திருக்கலாம். 1961இல் இங்கிலாந்தின் கோல்டிங்-வுட் இதே நோய்க்காக, அந்தச் சுரப்புக் கட்டளையைக் கொண்டுவரும் விடியன் நரம்பை வெட்டும் முறையை எழுதி வெளியிட்டார். முதலில் பெரிய வரவேற்பு. பிறகு பல நாடுகளில் கைவிடப்பட்டது. காரணம் இரண்டு: பலருக்கு ஓரிரு வருடத்தில் ஒழுக்கு திரும்பி வந்தது, கண் காய்ந்து போனது. அந்த நரம்புக்குள்தான் கண்ணீர்ச் சுரப்பிக்கான இழையும் போகிறது. அதை வெட்டினால் கண் காயும். அண்ணத்துக்குப் போகும் நரம்பும் பக்கத்திலேயே ஓடுவதால் மரமரப்பும் வரும். நண்பர் மனப்பிரமை என்று எழுதிய முறைப்பாடுகளை அறுவை நிபுணர்கள் அறுபது வருடமாகப் பக்கவிளைவு என்று எழுதி வருகிறார்கள். கண்ணீரைக் காப்பாற்றத்தான் பின்னாளில் வெட்டும் இடத்தையே மாற்றிப் பின்மூக்கு நரம்புக்கு வந்தார்கள். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற உறையவைக்கும் கருவியும் அதற்குப் பின் வந்த சூடு வைக்கும் கருவியும் அதே இடத்தைத்தான் தேடிப் போகின்றன.

அந்தப் புதுக் கருவிகளைச் சோதித்தபோது கிடைத்த எண்களைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்திருக்க வேண்டும். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையிலேயே நரம்பை உறையவைத்தார்கள். மறு பாதிக்கு மூக்கை மரக்கவைத்து, கருவியை உள்ளே விட்டு, உறையவைக்காமலே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, நோய்க்குறி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் முதல் பாதியில் நூற்றுக்கு 73க்குச் சற்று மேல். இரண்டாம் பாதியில் 36க்குச் சற்று மேல். சூடு வைக்கும் கருவியை இதேபோல் சோதித்ததில் முறையே 67.5, 41.

இந்தச் சிகிச்சை வேலை செய்கிறது என்று இந்த எண்களைக் காட்டி நானே வாதாடுவேன். ஆனால் நரம்பைச் சரியாகக் கையாண்டும் நூற்றில் இருபத்தாறு பேருக்கு 30 சதவீதம்கூடக் குறையவில்லை. அவர்களில் எத்தனை பேர் மலைக்குப் போகச் சோம்பியவர்கள்? சோதனைக்கு வந்த அந்த அமெரிக்க நோயாளிகள் கொழுந்து எடுக்கிறவர்கள் இல்லையே. அதைவிட, ஒன்றுமே செய்யாத பாதியில் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் ஓரளவு சுகம் என்றார்கள். ஆக, மனம் விளையாடுவது உண்மைதான், சுகமானேன் என்று சொல்வதிலும் விளையாடுகிறது. நோயாளி நல்ல சேதி சொன்னால் அது விஞ்ஞானம், கெட்ட சேதி சொன்னால் பிரமை என்று பிரிக்கும் தராசு எந்தக் கடையில் விற்கிறது?

ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதே என்பது அவருடைய அடுத்த ஆயுதம். ஸ்கேன் காட்டுவது வழி திறந்திருக்கிறதா என்பதை. மூச்சு போகிறது என்ற உணர்வைத் தருவது உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சி, அதை அறிவதும் நரம்புதான். பாம் தடவினால் மூக்கு திறந்தது போலிருக்கும். காற்றோட்டமோ கூடுவதில்லை, பாமிலுள்ள மெந்தோல் அந்தக் குளிர் உணர்வைத் தூண்டுகிறது, அவ்வளவே. இதன் மறுபக்கமும் உண்டு. மூக்குச் சதையை அதிகம் வெட்டியவர்களில் சிலர் வழி அகலத் திறந்திருந்தும் மூச்சு முட்டுகிறது என்பார்கள். 1994 முதல் இதற்கு 'வெற்று மூக்கு' என்றே பெயர். சீனாவின் வென்லிங் நகரில் மூக்கு ஒப்பரேஷன் செய்துகொண்ட ஒருவர் மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள், மனநல ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். 2013 அக்டோபரில் அவர் ஒரு டொக்டரைக் குத்திக் கொன்றார். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. அவருக்கு நடந்தது நரம்பு ஒப்பரேஷனும் அல்ல. ஆனால் 'ஒன்றுமில்லை, போ' என்பதை மருத்துவம் என்று நினைப்பவர் அந்தச் செய்தியைத் தாண்டிப் போக முடியாது.

இனி சோம்பல். துண்டு வாங்கி லயத்தில் கிடப்பவருக்கு நாள் கணக்கில் பேர் விழாது. 2024இல் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் அதற்குப் பின் எவ்வளவு ஏறினாலும், பேர் விழுந்தால்தான் கைக்கு வரும். கொழுந்து குறைந்தாலே அரைப் பேர். இந்தக் கணக்கில் சும்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு படுக்க எவருக்குக் கட்டுப்படியாகும்? மாதச் சம்பளக்காரர் மற்றவரின் லீவைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்கிறார். முதல் சில வாரம் வீக்கத்தால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், பொருக்குக் கட்டும், சிலருக்கு இரத்தமும் கசியும். பலன் தெரியவே பல வாரம் ஆகலாம். குனியாதே, பாரம் தூக்காதே, மூக்கைப் பலமாகச் சிந்தாதே என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். இதில் எதைச் செய்யாமல் கொழுந்து எடுப்பது? வைகாசி மழையில், நோட்டன் அணைக்கட்டுப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வரும் மலையில்! குளிர் காற்றே இந்த நோயைக் கிளப்பும். லயத்தில் விறகுப் புகை. ஸ்டோரில் வேலை என்றால் தேயிலைத் தூசி: அந்தத் தூசி மூச்சை என்ன செய்கிறது என்று இலங்கையின் டொக்டர் உரகொட 1970லேயே எழுதிவிட்டார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முறைப்பாடு எல்லாம் ஒப்பரேஷனால் வந்ததல்ல. பாமசியில் வாங்கிய அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். அதுவும் பிரமையல்ல, சோம்பலுமல்ல, கேட்டால்தான் வெளிவரும்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர் கதவைச் சாத்தச் சொல்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு மறுபடி கிளினிக் திகதி கொடுத்து நிபுணரின் நேரத்தை வீணாக்கக் கூடாதாம். நோட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு வந்து, கண்டி பஸ் பிடித்து, ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போகிறவரின் நேரம் அவர் கணக்கில் இல்லை. கண் காய்கிறதா? என்ன சொட்டு விடுகிறாய்? அடுப்பு எங்கே இருக்கிறது? ஸ்டோரில் எந்தப் பக்கம் வேலை? இவ்வளவையும் கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் நண்பர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.