யார் காசு, யார் வேசம்?

"இருபதாயிரம் நான் தர்றேன் தம்பி. பென்னிகுக் வேசம் மட்டும் எங்க வீட்டுப் பையனுக்குக் குடுத்துருங்க. கல்லு சொமக்குற வேசத்துக்குத்தான் ஆளு நெறைய இருக்காகளே."

பள்ளி நாடகத்துக்கு நன்கொடை கேட்டுப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். கல் சுமக்கும் வேசத்துக்கு எந்தத் தெருப் பிள்ளைகள் என்று அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்குமே தெரியும்.

குச்சனூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சனீஸ்வரர் கோவில், ஆடிச் சனிக்கிழமைக் கூட்டம். எங்களுக்கு அது வயல்காடு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் நெல் விளைகிறது. அந்த வயல்களில் நாற்று நடுகிறவர்களின் பிள்ளைகளும், விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு மேலே கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளி ஒன்றில் நான் மேலாண்மைக் குழு உறுப்பினர். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இது ஒரு பள்ளியின் கதை மட்டும் அல்ல.

நாடகத்தை எழுதியது பிள்ளைகள்தான். பெரியாறு அணையைப் பற்றிய நாடகம். 1887ல் தொடங்கி 1895ல் திறக்கப்பட்ட அணை. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுக்கின் படம் எங்கள் பகுதியில் டீக்கடையிலும் இருக்கும், பூசை அறையிலும் இருக்கும். அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறோம். அந்த நன்றியில் தவறு இல்லை. ஆனால் காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்துப்போன கூலிகளின் பெயர் எந்த வீட்டுச் சுவரிலும் இல்லை. "அவங்க பேரு என்ன சார்?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டதில் பிறந்த நாடகம் இது. அந்த நாடகத்துக்கே, கூலி வேசம் கூலிக்காரர் பிள்ளைக்கு, துரை வேசம் காசு கொடுப்பவர் பிள்ளைக்கு என்று நிபந்தனை வந்தது.

காசு என்பது சாதி தெரியாத பொருள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஊர்த் திருவிழாவைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். திருவிழா நாடகம் தலைக்கட்டு வரியில் நடக்கிறது. வரி கொடுத்தவன் ஊர்க்காரன். தமிழ்நாட்டின் பல ஊர்களில் சேரியிடம் வரி வாங்குவதே இல்லை. வெளியே கேட்டால் அது சலுகை போலத் தெரியும். உண்மையில் அது விலக்கு. வரி வாங்கினால் கணக்கு கேட்பான், மண்டகப்படி கேட்பான், மேடைக்கு முன்னால் உட்கார இடம் கேட்பான். ஆகவே வாங்காதே. யாரிடம் வாங்குகிறோம் என்பதைவிட, யாரிடம் வாங்க மறுக்கிறோம் என்பதில்தான் சாதி பத்திரமாக இருக்கிறது.

மேடையிலும் இதே கதைதான். தியாகி விஸ்வநாததாஸ் தமிழ் நாடக மேடையின் பெருங்கலைஞர். வெள்ளை அரசை எதிர்த்து மேடையிலேயே பாடிச் சிறை சென்றவர். அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க நடிகைகள் மறுத்த காலம் ஒன்று இருந்தது. கே.பி. ஜானகி அம்மாள் அந்தத் தடையைப் பொருட்படுத்தாமல் அவருடன் நடித்தார். 1940ன் கடைசி நாளில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்விட்டார் விஸ்வநாததாஸ். சாமி வேசம் போட்டவரைக் கும்பிட்ட கூட்டம், வேசம் கலைத்த பிறகு அவரை எங்கே நிறுத்தியது என்பதுதான் நமது நாடக வரலாறு.

மறுபக்கமும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகத்தின் அவுரங்காபாத் மிலிந்த் கல்லூரியில், முதல்வர் எம்.பி. சிட்னிஸ் எழுதிய 'யுகயாத்ரா' நாடகத்தை 1955ல் மாணவர்கள் நடித்தார்கள். அடுத்த ஆண்டு நாக்பூரில் மதமாற்றத்துக்குத் திரண்ட மக்கள் முன்னிலையிலும் அது மேடையேறியது. ஒரு கல்லூரி நாடகம் ஒரு மக்கள் இயக்கத்தின் குரலானது. தமிழில் கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' அந்த வழியில் வந்தது. எங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் தம்பிகளோடு ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் பொதுவுடைமைப் பாட்டுப் பாடியதும் இதே பள்ளத்தாக்கில்தான். கலைக்குப் பணம் வேண்டும், உண்மைதான். ஆனால் பணக்காரன் தயவு வேண்டும் என்பது உண்மை அல்ல.

இருபதாயிரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்வது எளிது. எங்கள் திட்டச் செலவு 24,000 ரூபாய். ஒலிபெருக்கி, உடை, அணைக்குத் தெர்மாகோல், ஒப்பனை, ஒத்திகை நாட்களில் மாலைச் சிற்றுண்டி, போட்டிக்குப் போய்வர வண்டி. குழுக் கூட்டத்தில் என்னைத் திட்டாதவர்கள் குறைவு. "கொள்கை பேசிட்டு வந்துட்டீக, பிள்ளைகளுக்கு யாருண்ணே பதில் சொல்றது?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. ஆடிச் சனிக்கிழமை கோவில் பாதையில் பிள்ளைகள் கையில் உண்டியல் கொடுத்து நிறுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு அந்தத் தாயே சம்மதிக்கவில்லை. படிக்க வந்த பிள்ளையைக் கையேந்த வைக்க மாட்டேன் என்றார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். எல்லாத் தெருவுக்கும் போவது. வீட்டுக்கு 20 ரூபாய். அதற்கு மேல் எந்த வீட்டிலும் வாங்குவதில்லை. பலகையில் பெயர் கிடையாது, பேனரில் படம் கிடையாது. வேசங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது.

காலனித் தெருவில் முதல் வீட்டில் ஒரு பாட்டி 20 ரூபாயை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்: "என்னப்பா, எங்க தெருவுக்கும் வந்திருக்கீக? ஊரு நாடகத்துக்கு எங்ககிட்ட யாரும் காசு கேட்டதே இல்லையே." நான் பதில் சொல்லவில்லை. ரசீது எழுதினேன். அவர் அந்த ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். 20 ரூபாய்க்கு அவர் வாங்கியது ஒரு ரசீது அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

412 வீடுகளில் 8,240 ரூபாய் சேர்ந்தது. கொடுக்காத வீடுகளும் இருந்தன. "அந்தத் தெருக் காசையும் எங்க காசையும் ஒண்ணாப் போடுவீகளோ?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். ஆம், ஒன்றாகத்தான் போடுவோம் என்றோம். கதவு சாத்தப்பட்டது. ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து 4,500 தந்தார்கள். மொத்தம் 12,740. தெர்மாகோல் அணையைக் கைவிட்டோம். பிள்ளைகளே தோளோடு தோள் சேர்ந்து அணையாக நின்றார்கள். 12,000 ரூபாயில் நாடகம் முடிந்தது. வரவு செலவு முழுவதையும் பள்ளிச் சுவரில் ஒட்டினோம். மீதி 740 ரூபாய் அடுத்த ஆண்டுக்கு. பென்னிகுக் தொப்பி, சீட்டில் ஒரு ஏலத்தோட்டக் கூலியின் மகளுக்கு விழுந்தது. நன்கொடை தருவதாகச் சொன்னவரின் பையன் கல் சுமந்தான். நன்றாகவே சுமந்தான். அவனுக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அரசு செய்ய வேண்டியதை மக்கள் ஏன் செய்ய வேண்டும் என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் போட்டிக்கு முந்தைய ஒத்திகைக்கும் உடைக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடைவெளியில் நுழைவது உள்ளூர்ப் பெரிய மனிதரின் பணப்பை. நன்கொடையாளரைப் பள்ளியோடு இணைக்க 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்தது. கட்டடத்துக்கும் கழிப்பறைக்கும் பணம் வரட்டும். ஆனால் எந்த நன்கொடைக்கும் வேசமோ, வரிசையோ, படமோ கூலியாகக் கொடுக்கப்படாது என்று ஒவ்வொரு மேலாண்மைக் குழுவும் தீர்மானம் போட வேண்டும். அந்த அதிகாரம் நமக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய இடமும் பெண்களுக்குப் பாதி இடமும் உண்டு.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சின்ன விசயமாகத் தெரியும். எங்கள் குலுக்குச் சீட்டும் அப்படித்தான். யார் பக்கத்தில் யார், யாருக்கு எந்த வேசம் என்பதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த முடிவை ஒரு மாலை நேரமாவது பிள்ளைகள் கலைத்துப் பார்க்கட்டும்.

அடுத்த ஆண்டும் அதே 20 ரூபாய்தான். முதலில் போகப்போவது கதவு சாத்திய வீட்டுக்கு.