ரசீதில் உள்ள பொடி எழுத்து

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 'லு எ அப்ரூவே' என்பது மறக்காது. 'படித்தேன், ஒப்புக்கொண்டேன்' என்று கையெழுத்துக்கு மேல் கைப்பட எழுதுவது பிரெஞ்சுக்காரர் வழக்கம். இன்று பேரப்பிள்ளைகள் வீடியோ கேமில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், எல்லாம் படித்ததாகக் கணக்கு.

2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் திருடு போயின. வழக்குகள் குவிந்தன. செப்டம்பரில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் புது நிபந்தனை வந்தது: தகராறு என்றால் நடுவரிடம்தான் போக வேண்டும், பலர் சேர்ந்து வழக்குப் போடக் கூடாது. சம்மதமில்லாதவர் 30 நாளுக்குள் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டுமாம். ஒப்புக்கொள்ள ஒரு தட்டு, மறுக்க ஒரு தபால்தலை!

நம் துறைமுகத்தில் சரக்குச் சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 1960-களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சலவைக் கடை ரசீது வந்தது. லில்லி ஒயிட் என்ற கடை புதுச் சேலையைத் தொலைத்துவிட்டு, ரசீதில் அச்சடித்தபடி பாதி விலைதான் தருவோம் என்றது. செல்லாது என்றது நீதிமன்றம். பாதி விலைக்குப் புதுச் சேலை கிடைக்குமென்றால் எந்தக் கடைக்காரர் பத்திரமாகப் பார்ப்பார்?

நடுவர் நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2018-இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பணம் கட்டியதற்கு வந்த குறுஞ்செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.