சேவலைக் காயடிக்கலாமா?



“பூனைக்குச் செய்வதைப் போலச் சேவலுக்கும் செய்துவிட்டால் கூவுவது நின்றுவிடும் அல்லவா, டீச்சர்?” பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்த பெற்றோர் சிலர் இவ்வாறு கேட்பதுண்டு. குஞ்சு வளர்ந்து சேவலாகிவிட்டது. விடியுமுன்னே கூவுகிறது. பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கின்றனர். பிள்ளையோ அதற்குப் பெயர் வைத்துக் கொஞ்சுகிறது. இந்நிலையில் காயடித்தல் எளிய வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும், நம் உறக்கத்திற்காக ஒரு சேவலைக் காயடிப்பது முறையன்று என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களையும் மாற்று வழிகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இச்சேவல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்ப்போம். முட்டைக்கென வளர்க்கப்படும் கோழியினத்தில் ஆண்குஞ்சு முட்டையும் இடாது. இறைச்சிக்கு ஏற்றபடி விரைந்து பருக்கவும் செய்யாது. ஆகவே, பொரித்த அன்றே ஆண்குஞ்சுகளைப் பிரித்தெடுத்து அழிப்பது உலகெங்கும் பொரிப்பகங்களின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஜெர்மனி 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் இதற்குத் தடை விதித்தது. சந்தையில் சாயம் பூசி மலிவாக விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் இவ்வாறு கழிக்கப்பட்ட ஆண்குஞ்சுகளே. விலை மலிவாக இருப்பதன் காரணம் இதுதான். இதை அறியாமல் வாங்குகிறோம். நான்கைந்து மாதங்களில் அது கூவத் தொடங்கும்போது திகைக்கிறோம்.

இனி, சேவலின் உடலமைப்புக்கு வருவோம். ஆண்பூனையின் விரைகள் உடலுக்கு வெளியே இருப்பவை. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் அவற்றை அகற்றிவிடுவார். சேவலின் விரைகளோ வயிற்றினுள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகங்களின் முன்முனையருகே அமைந்துள்ளன. பெருங்குருதிக் குழாய்களும் அருகிலேயே செல்கின்றன. அவற்றை எடுக்க வேண்டுமானால் கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே அறுத்து, மூச்சுக்குரிய காற்றுப்பையைத் துளைத்து உள்ளே செல்ல வேண்டும். பண்ணைகளில் இது சில வாரக் குஞ்சுகளுக்கே, பெரும்பாலும் மயக்க மருந்தின்றியே செய்யப்படுகிறது. குருதிக் குழாய் கிழிந்தால் குஞ்சு கையிலேயே இறந்துவிடும். விரையின் சிறு துணுக்கு உள்ளே தங்கினாலும் அது மீண்டும் வளரும். சேவல் மீண்டும் கூவும்.

இத்தொழில் மிகப் பழையது. காயடித்த சேவலின் இறைச்சி மென்மையாக இருக்கும் என்பதற்காகச் சீனர்களும் பிரெஞ்சுக்காரர்களும் நெடுங்காலமாக இதைச் செய்து வந்துள்ளனர். பிரித்தானியாவில் இஃது இன்று தடைசெய்யப்பட்ட செயல். அறிவியல் வரலாற்றிலும் இதற்கு ஓரிடம் உண்டு. 1849இல் ஜெர்மானிய அறிஞர் பெர்த்தோல்டு ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஆய்வு செய்தார். விரை நீக்கப்பட்டவை சண்டையை மறந்தன, கொண்டை சிறுத்தது, கூவலும் மங்கியது. விரையை எடுத்து வயிற்றுக்குள் வேறிடத்தில் பொருத்தியபோது அவை வழக்கமான சேவல்களாகவே வளர்ந்தன. குருதியில் கலக்கும் ஏதோ ஒரு பொருளே இதற்குக் காரணம் என்பது தெரிந்தது. இயக்குநீர் பற்றிய அறிவியலின் தொடக்கமாக இவ்வாய்வைக் கூறுவர்.

எனவே, காயடித்தால் பலன் உண்டா என்றால், இளமையிலேயே முழுமையாகச் செய்தால் உண்டு. ஆனால் சிக்கல் நமக்குத் தெரிய வருவதே சேவல் கூவத் தொடங்கிய பின்னர்தான். அதற்குள் விரைகள் பருத்து, குருதி ஓட்டமும் மிகுந்துவிடும். அறுவையின் ஆபத்து அப்போது பன்மடங்கு. தோலுக்கடியில் வைக்கப்படும் இயக்குநீர் மருந்தும் உண்டு. அதன் பலன் சில மாதங்களே நிற்கும். எல்லாப் பறவைகளுக்கும் ஒரே அளவில் வேலை செய்வதுமில்லை.

“பூனைக்குச் செய்யும்போது நீங்கள் எதிர்க்கவில்லையே” என்று கேட்கலாம். பூனைக்குக் கருத்தடை செய்வது, வளர்க்க ஆளில்லாத குட்டிகள் தெருவில் பிறந்து மடியாமல் இருப்பதற்காக. அதனால் பூனையினத்திற்கே நன்மை உண்டு. கோழிக்கு அந்தத் தேவை இல்லை. நாள்தோறும் முட்டைகளை எடுத்துவிட்டால் குஞ்சு பொரிக்க வழியே கிடையாது. ஆக, சேவலைக் காயடிப்பதால் சேவலுக்கு யாதொரு நன்மையும் இல்லை. நன்மை முழுவதும் நமக்கு. வலி முழுவதும் அதற்கு.

“அறுத்துக் குழம்பு வைப்பதைவிட இது மேலல்லவா?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். இந்த இரண்டு வழிகள் மட்டுமே இருக்குமானால், பறவை மருத்துவம் அறிந்த ஒருவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவையை நான் குறை கூறமாட்டேன். விரையில் நோய் கண்டு மருத்துவர் அகற்றச் சொன்னாலும் அப்படியே. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே வேறு வழிகள் உள்ளன. அவற்றை முயலாமலே கத்தியைத் தேடுவதைத்தான் மறுக்கிறேன். கோழிக்கறி உண்பவர் இதைப் பேசலாமா என்றால், பேசலாம். பெயர் வைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்த உயிருக்கு நாம் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டோம். பண்ணையில் நடப்பதைக் காட்டி அப்பொறுப்பைத் தட்டிக் கழிக்க இயலாது.

அண்டை வீட்டார் பக்கமும் நியாயம் உண்டு. அருகில் நின்று அளந்தால் சேவலின் கூவல் 100 டெசிபலைத் தாண்டும். இரவு வேலை முடித்து வந்து உறங்குபவரும், கைக்குழந்தை வைத்திருப்பவரும் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு சின் மிங் பகுதியில் திரிந்த 24 கோழிகள், ஓசை பற்றிய புகார்களுக்குப் பின் கொல்லப்பட்டது பெரும் விவாதமானது. பேசித் தீர்க்காத சிக்கலுக்குக் கடைசியில் விலை கொடுப்பது வாயில்லா உயிரே.

செய்யத்தக்கவை சில:

1. ஒரு சேவலுக்கு மேல் வேண்டாம். ஒன்று கூவினால் மற்றொன்று பதில் கூவும். ஒரு கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலில் கூவுகிறது, மற்றவை தரவரிசைப்படி தொடர்கின்றன என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினர். பெட்டைகளுடன் வளர்ப்பதானால் ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகள் இருப்பது நல்லது. குறைந்தால் பெட்டைகளின் முதுகு புண்ணாகும்.

2. இரவில் இருட்டான கூண்டில் அடைத்து, காலை ஏழு மணிக்குமேல் திறந்து விடுங்கள். இதனால் கூவல் முற்றிலும் நிற்காது. வெளிச்சம் இல்லாவிட்டாலும் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி சேவல் கூவும் என்பது 2013இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. எனினும், கார் விளக்கைக் கண்டு நள்ளிரவில் கூவுவது குறையும். ஓசையும் வெளியே அடங்கி ஒலிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் காற்றோட்டம் மிக முக்கியம். கோழிக்கு வியர்வை கிடையாது. வாய் திறந்து மூச்சு வாங்கியே சூட்டைத் தணிக்கும். பெட்டியில் அடைத்து மூடிவிடாதீர்கள்.

3. கழுத்தில் பட்டை கட்டிக் கூவலை அடக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சற்று இறுகினாலும் மூச்சுத் திணறும்.

4. கொத்தும் சேவலாயின், பிள்ளைகள் அதைத் துரத்தவோ சீண்டவோ விடாதீர்கள். கால்முள்ளின் நுனியை மட்டும் தேய்த்து மழுங்கச் செய்யலாம். உள்ளே குருதி ஓட்டம் இருப்பதால் அடியோடு வெட்டக் கூடாது.

5. வைத்துக்கொள்ளவே முடியாதெனில், இடவசதி உள்ள கம்பத்திலோ தோட்டப்புறத்திலோ கோழி வளர்ப்பவரிடம் கொடுங்கள். அதை வளர்ப்பாரா, அறுப்பாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பிள்ளையிடமும் உண்மையையே கூறுங்கள். கோயில் வளாகத்திலோ சாலையோரத்திலோ இரவில் விட்டு வருவது கைகழுவுதல். சேவற்கொடியோன் சந்நிதி என்பதால் அது புண்ணியமாகிவிடாது. சண்டைக்கு விடுபவரிடம் கொடுக்கவே கூடாது. நம் நாட்டு 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி விலங்குச் சண்டை நடத்துவது குற்றம். கொடுமைக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

இவை எல்லாவற்றினும் மேலானது, வாங்குமுன் எண்ணிப் பார்ப்பது. பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை என்பதைப் பல பெற்றோர் அறியார். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். எனவே முட்டைக்காகவோ பிள்ளையின் விருப்பத்துக்காகவோ கோழி வளர்ப்பவர்கள், ஆண் பெண் வேறுபாடு தெளிவாகத் தெரியும் மூன்று நான்கு மாதப் பெட்டைகளை நம்பகமானவரிடம் வாங்கலாம். அதற்கு முன், உங்கள் குடியிருப்பில் கோழி வளர்க்க நகராண்மைக் கழகம் இசைகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் பாடத்தில் வாழ்க்கைச் சுழற்சியைக் காட்ட முட்டைகளைப் பொரிக்க வைக்கும் எண்ணம் இருந்தால், பொரிப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண்குஞ்சுகள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அவை எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லையெனில், வண்ணத்துப்பூச்சியைக் கொண்டு அப்பாடத்தை நடத்துவோம். எலுமிச்சைச் செடியில் புழுவைக் கண்டெடுத்து, கூட்டுப்புழுவாக்கி, சிறகு முளைத்ததும் பறக்க விடும் மகிழ்ச்சி மாணவர்க்குப் போதும்.

நன்னெறிக் கல்வியில் உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்று எழுத வைக்கிறோம். வீட்டில் சேவலுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அதே பிள்ளைதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தொல்லை தந்ததும் அறுத்துச் சரிசெய்துகொள்ளும் பொருளே உயிர் என்று அது கற்றுக்கொள்ள வேண்டாம். குஞ்சைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளையிடம், “இது சேவலானால் என்ன செய்வோம்?” என்று கடையிலேயே கேட்டு விடையைச் சேர்ந்து தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்புங்கள். அன்று பிள்ளை அழுதாலும் பரவாயில்லை.

சிந்திப்போம்.