வற்றல் காய்ந்தால் கிருமி சாகுமா?

சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி முதலிய பகுதிகளின் கரிசல் நிலங்களில் மானாவாரியாக விளையும் மிளகாயும் மல்லியும் நெடுங்காலமாக விருதுநகர்ச் சந்தையை நம்பியே பயிரிடப்படுகின்றன. மழைக்குறைவு இந்த ஜில்லாவுக்குப் பெருங்குறையே. ஆயினும் அந்த வறட்சியே சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் வேரூன்றத் துணை செய்தது. வற்றல் போடும் விவசாயிக்கும் இவ்வெயிலே மூலதனம். ஆனால் வெயிலின்மேல் வைத்த இந்த நம்பிக்கை ஒரு தவறான எண்ணத்தையும் வளர்த்திருக்கிறது. சருகாகக் காய்ந்த பண்டத்தில் நோய்க்கிருமி தங்காது என்பதே அது.

உலர்த்துவதால் கிருமிகளின் பெருக்கம் நிற்கும். ஆனால் கிருமிகள் யாவும் மடிந்துவிடா. ஒரு பண்டத்தில் கிருமிகளுக்குப் பயன்படக்கூடிய ஈரத்தைச் சாஸ்திரிகள் ஓர் எண்ணால் குறிப்பர். தூய நீருக்கு அவ்வெண் 1. வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மொனெல்லா என்னும் கிருமி பெருகுவதற்கு ஏறத்தாழ 0.94 வேண்டும். 0.60 க்குக் கீழே எந்தக் கிருமியும் பூஞ்சையும் பெருகமாட்டா. நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரத்துக்குக் காய்ந்த வற்றலில் பூஞ்சை பற்றாதது இக்காரணத்தாலேயே.

எனினும் பெருகாமல் இருப்பது வேறு, இறந்துபோவது வேறு. நீர் குறையக் குறைய இக்கிருமி முதலில் வெளியிலுள்ள பொட்டாசியம் உப்பைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். பின்னர் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரை, பீட்டைன், புரோலின் போன்ற பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நீர் இருந்த இடத்தை அவற்றால் காத்துக்கொள்ளும். பிறகு தன் இயக்கத்தை ஒடுக்கி உறங்கும். முதல் நாட்களில் பல மடியும். எஞ்சியவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பாசில்லஸ் இனத்தைச் சேர்ந்தவையோ தடித்த உறையிட்ட வித்துக்களாக மாறிப் பல ஆண்டுகள் கிடக்கவல்லவை. காய்ந்த மருந்து செயலற்றுக் கிடந்தாலும் பொறி பட்டால் வெடிக்கும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காய்ந்த கிருமிக்கு நீரே பொறி.

மேலும், உலர்ந்த நிலையில் இக்கிருமி சூட்டையும் தாங்குகிறது. ஈரமான உணவில் 70 டிகிரிச் சூட்டில் சில விநாடிகளில் மடியும் சால்மொனெல்லா, உலர்ந்த பொடியிலும் எண்ணெய்ப் பசையுள்ள பண்டத்திலும் அதே சூட்டில் பல நிமிஷங்கள் பிழைத்திருக்கும்.

இதனால் விளைந்த கேடுகள் பல. ஜெர்மனியில் 1993 ஆம் ஆண்டில் மிளகாய் இனத்தைச் சேர்ந்த பாப்ரிகாப் பொடி தூவிய உருளைக்கிழங்கு வறுவலால் ஏறக்குறைய ஆயிரம் பேர் நோயுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அமெரிக்காவில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் நிலக்கடலை வெண்ணெயால் 714 பேர் நோயுற்று ஒன்பது பேர் மாண்டனர். அந்த ஆலையின் கூரை ஒழுகியதும் விசாரணையில் வெளிப்பட்டது.

‘மிளகாயைப் பச்சையாக யார் உண்பார்? குழம்பில் கொதித்துவிடுமே’ என்று ஆட்சேபிப்போர் உண்டு. குழம்பைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் இட்லிப் பொடி எண்ணெயில் குழைத்து அப்படியே உண்ணப்படுகிறது. சாத்தூர் வெள்ளரியைக் கீறி மிளகாய்ப் பொடி தூவி விற்கிறார்கள். வெள்ளரியின் நீர் பட்டதும் உறங்கிய கிருமி விழித்துக்கொள்ளும்.

கிருமி வரும் வழி எது? தை மாசி முதல் சித்திரை வரை வற்றல் பத்துப் பதினைந்து நாட்கள் வெறுந்தரையிலும் தார்ச் சாலையிலும் கிடக்கிறது. நாய், ஆடு, கோழி, காக்கை யாவும் அதன்மேல் திரிகின்றன. கிட்டங்கியில் எலியும் பல்லியும் எச்சமிடுகின்றன. மூட்டை கட்டுமுன் வற்றல் நொறுங்காதிருக்கவும் எடை கூடவும் நீர் தெளிக்கும் வழக்கமோ எல்லாவற்றிலும் கொடியது. பதினைந்து நாள் வெயிலின் பயனை அரைமணி நேரத்தில் அது அழித்துவிடுகிறது.

அரைவை ஆலைகளில் நடப்பதும் இதை ஒத்ததே. சுத்தம் என்றால் நீர் விட்டுக் கழுவுவது என்பது பொதுவான எண்ணம். உலர்ந்த பண்டம் கையாளும் இடத்தில் அது தீங்காகவும் முடியும். இயந்திரத்தின் இடுக்கில் தங்கிய பொடி நனைந்தால் கிருமி பெருகி, வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்து அரைக்கும் சரக்கிலெல்லாம் கலக்கும். துடைப்பம், தூரிகை, உறிஞ்சும் கருவி ஆகியவற்றால் உலர்முறையில் சுத்தம் செய்வதே முதல் விதி. நீர் விட்டே தீரவேண்டுமாயின் முற்றிலும் காயும்வரை அரைவையை நிறுத்திவைத்தல் வேண்டும். சர்வதேச உணவு நெறிக் குழுவான கோடெக்ஸ் 2015 இல் உலர் உணவுகளுக்கென வகுத்த சுகாதார நெறிகளும் இதனையே வற்புறுத்துகின்றன.

விவசாயி செய்யக்கூடியவை எளியவை. பழுத்த காயைத் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ பரப்புக. இரவில் பனி படாமல் மூடுக. சொத்தைக் காயையும் வெளிறிய காயையும் பிரித்துவிடுக. நீர் தெளிப்பதை அறவே ஒழிக்க. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் கட்டைகளின்மேல் அடுக்குக.

ஆனால் பொறுப்பு முழுவதையும் விவசாயியின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. சந்தையில் நிறத்துக்கும் காரத்துக்கும் விலை உண்டு. சுத்தத்துக்குத் தனி விலை கிடைப்பது அரிது. மண்ணில் காய்ந்த வற்றலுக்கும் பாயில் காய்ந்த வற்றலுக்கும் ஒரே விலையாயின் பாய் வாங்குவோர் யார்? ஆதலால் வியாபாரிகளும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களும் சுத்தமான சரக்கைத் தனியே தரம் பிரித்துக் கூடுதல் விலை தருதல் அவசியம். கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் சாலையில் காயப்போடாதே என்று தடுப்பதோடு நின்றுவிடாமல், வேலியிட்ட பொதுக்களம் ஒன்றை ஊர்தோறும் அமைத்துத் தரவேண்டும். களம் தராமல் சாலையை மறுப்பது விவசாயியைத் தண்டிப்பதாகுமேயன்றிச் சீர்திருத்தமாகாது.

மசாலாச் சரக்கில் 25 கிராமுக்கு ஒரு சால்மொனெல்லா கூட இருத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அண்டை ஜில்லாவின் ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய பெயர் வெளிநாட்டுச் சந்தையில் நிலைப்பதும் கெடுவதும் களத்துத் தரையில்தான் நிச்சயிக்கப்படுகின்றன. வெயில் இந்த ஜில்லாவுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. சுத்தமான தரையை மனிதர்தாம் தேடித் தரவேண்டும்.